சான்றிதழ் அப்புறம், சனிக்கிழமைக் கூட்டம் முதலில்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் படித்தவள். எட்டு வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் கேரியர் ஆலோசகராக இருக்கிறேன். பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குப் போய் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசுவதுதான் வேலை. பிடித்துத்தான் செய்கிறேன். இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து என்னை ஒருங்கிணைப்பாளராகப் போடப் பார்க்கிறார்கள். எனக்குக் கீழே ஆறு பேர், எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள். எனக்கு மூன்று குழப்பம். ஆறு பேரை நடத்துகிற அளவுக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா? ஆன்லைனில் 'சர்வதேச கேரியர் கோச்' சான்றிதழுக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள், தவணையில் கட்டலாமாம். கட்டட்டுமா? அடுத்தது, இந்தப் பொறுப்புக்குப் போனால் எக்செல் ஷீட்டும் மீட்டிங்கும்தான் மிஞ்சுமோ, பிள்ளைகளை விட்டுப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மூன்றாவதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. குழுவில் ஒரு தம்பி, பிள்ளைகளை ஒரு தனியார் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பையன், வீட்டில் கஷ்டம். இதை எப்படி எடுப்பது?
– பாலக்கோடு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூச்சத்தோடு கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டும் ஒரு மாதம் பொறுக்கும். இது பொறுக்காது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் நம் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் கல்லூரிகளின் அட்மிஷன் ஆட்கள் பைக்கில் ஊர் ஊராக வருவார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், டியூஷன் வாத்தியார், சில ஊரில் பள்ளிக்கு உள்ளேயே ஒருவர் என்று தலைக்கு இவ்வளவு பேசிக்கொள்வார்கள். நிலத்தை முடித்துக் கொடுத்த புரோக்கர் கமிஷன் வாங்குகிற மாதிரிதான் ஊரும் இதைப் பார்க்கிறது. ஆனால் நிலம் வாங்குகிறவருக்கு எதிரே நிற்பவர் புரோக்கர் என்று தெரியும். உங்கள் தம்பியின் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு அவர் 'சார்'. அந்தச் சார் சொன்னால் அம்மா கம்மலை அடகு வைத்தாவது முதல் தவணையைக் கட்டிவிடுவார்.

பணம் கைமாறியதைவிட, அதற்குப் பின்னால் நடப்பதுதான் எனக்குக் கவலை. ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட்டை வாங்கிக் கல்லூரி பீரோவில் வைத்துவிடுவார்கள். ஜூலையில் பொறியியல் கலந்தாய்விலோ, அரசுக் கலைக் கல்லூரியின் அடுத்த சுற்றிலோ பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அப்போது ஒரிஜினலைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது, விலகினால் கட்டணத்தை இன்ன கணக்கில் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2018லேயே அறிவித்திருக்கிறது. அறிவிப்பு இருக்கிறது, சரி. ஏரியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த அப்பா, கல்லூரி ஆபீஸ் கவுன்ட்டரில் நின்று யூ.ஜி.சி. அறிவிப்பைப் பற்றிப் பேசுவாரா?

அதனால் அந்தத் தம்பியைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். இன்னும் நீங்கள் கேள்விப்பட்டதோடு சரி, எதுவும் உறுதியாகவில்லை. "வாங்கினாயா?" என்று நேராகவே கேளுங்கள். குழுவின் முன்னால் ஜாடையாகப் பேசுவது, வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாக ஒரு நீதி வாசகம் போடுவது, இதெல்லாம் வேண்டாம். ஆமாம் என்றால் அவன் அனுப்பிய பிள்ளைகளின் பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போன் செய்து, வேறு என்ன வாய்ப்பு இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டதா, ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது, இன்னும் மாற்ற வழி உண்டா என்று பாருங்கள். நிறுவனத்திடம் மறைக்காதீர்கள். முதல் தடவை என்பதால் வேலையை விட்டு எடுக்க வேண்டாம் என்று வாதாடலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த சீசன் முடியும்வரை அவன் தனியாகப் பள்ளிக்குப் போகக் கூடாது. இன்னொரு தடவை நடந்தால் வெளியே அனுப்பத்தான் வேண்டும். நல்ல பையன் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதைக் காரணமாக்கி இதை விட முடியாது.

கஷ்டம் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் விடாதீர்கள். அந்த ஆறு பேருக்கும் என்ன சம்பளம், பெட்ரோலுக்கு யார் பணம் என்று விசாரித்தீர்களா? சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மலையடிவாரப் பள்ளிக்குப் போய்வரும் இருபத்து மூன்று வயதுப் பையனிடம், மாதக் கடைசியில் ஒருவர் கவரை நீட்டினால் அது அவனுடைய நேர்மையை மட்டும் சோதிக்கும் விஷயமில்லை. உங்கள் நிறுவனத்தின் பட்ஜெட்டும் அதில் இருக்கிறது. பெட்ரோல் படியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் விதியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: கல்லூரி, கோச்சிங் சென்டர், கல்விக் கடன் ஏஜென்ட் யாரிடமும் பணமோ பரிசோ டூரோ வாங்குவதில்லை, யாராவது நீட்டினால் அன்றைக்கே நோட்டில் எழுதுவது. இரண்டாவது வரி முக்கியம். நீட்டியதை வெட்கப்படாமல் சொல்ல ஓரிடம் இருந்தால் வாங்குவது தானாகவே குறையும்.

இனி 85,000 ரூபாய்க்கு வருவோம்.

கேரியர் ஆலோசகராக இருக்க நம் நாட்டில் உரிமம் எதுவும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் பேருந்து நிலையம் எதிரில் போர்டு மாட்டலாம். உரிமம் இல்லாத இடத்தில் சான்றிதழ் வியாபாரம் நன்றாக நடக்கும், ஏனென்றால் போர்டில் போட ஏதாவது வேண்டுமே. இதில் அடிமட்டம் விரல்ரேகை டெஸ்ட். குழந்தையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து 'உங்கள் பையன் டாக்டர் ஆவான்' என்று வண்ண ரிப்போர்ட் கொடுக்கிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. உங்கள் ஆறு பேரில் யாராவது அதன் ஃபிராஞ்சைஸ் எடுத்திருக்கிறார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சிரிக்காதீர்கள்.

எந்தப் பயிற்சியையும் எடைபோட நான் கேட்பது ஒரே கேள்விதான்: நான் ஒரு பிள்ளையோடு பேசுவதை யாராவது பார்த்து, இந்த இடத்தில் அவசரப்பட்டாய், இந்த இடத்தில் அவள் சொன்னதை விட்டுவிட்டாய் என்று சொல்வார்களா? வீடியோவும் கொள்குறித் தேர்வும் மட்டும்தான் என்றால் அந்த 85,000க்கு உங்கள் குழுவுக்கே ஒரு வருடப் பெட்ரோல் போடலாம். பணமும் நேரமும் செலவழிக்கத் தயார் என்றால் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோவைப் பாருங்கள். ஒரு வருடப் படிப்பு. ஒரு பகுதி வீட்டிலிருந்தபடி, ஒரு பகுதி நேரில், ஒரு பகுதி சொந்த ஊரில் களப்பயிற்சி. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் அதன் மையங்களில் ஒன்று, நமக்குக் கிட்ட. நேரடி வகுப்புக்கு மாதக்கணக்கில் விடுப்பு வேண்டியிருக்கும் என்பதால் நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இந்த வருடமே என்று அவசரமில்லை. பொறுப்பேற்ற முதல் வருடத்தில் படிப்பையும் தூக்கித் தலையில் வைத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

உண்மையில் உங்களிடம் குறைவது படிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு வருடத்தில் உங்கள் வேலையை வேறொரு ஆலோசகர் உட்கார்ந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. நம் துறையின் பெரிய நோய் இதுதான். ஆசிரியருக்குத் தலைமை ஆசிரியர், நர்ஸுக்கு சீனியர் நர்ஸ் என்று யாராவது பக்கத்தில் இருப்பார்கள். நாம் மட்டும் ஒரு வகுப்பறையில் தனியாகப் போய்ப் பேசிவிட்டு, தனியாகவே பஸ் ஏறி வந்துவிடுகிறோம். நல்லதாகப் பேசினோமா என்று கைதட்டலை வைத்து முடிவு செய்துகொள்கிறோம்.

இந்தத் துறை தொடங்கியதும் ஒற்றை ஆளாகத்தான். 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு சிறிய ஆலோசனை மையம் வைத்தார். வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வேலை தேடி அலைந்த பகுதி அது. ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகும் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். தன்னை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் பொருத்தி யோசிப்பது என்று அவர் போட்ட மூன்று படியைத்தான் இன்றைக்கும் எல்லா வொர்க்‌ஷாப்பிலும் பவர்பாயின்ட்டில் போடுகிறார்கள். அதே வருடம் அவர் இறந்துபோனார். ஆனால் 1913இல் அமெரிக்க ஆலோசகர்கள் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இது ஒரு தொழில் என்று நின்றது. இங்கேயும் 'இந்தியன் அசோசியேஷன் ஃபார் கேரியர் அண்ட் லைவ்லிஹுட் பிளானிங்' என்று ஒரு சங்கம் உண்டு, அதையும் எட்டிப் பாருங்கள். ஆனால் உங்களுக்கு முதலில் வேண்டிய சங்கம் ஏழு பேர் உட்காரும் ஒரு அறை.

சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. பாலக்கோட்டிலோ கிருஷ்ணகிரியிலோ, யாருக்கும் பஸ் கஷ்டமில்லாத இடத்தில். ரிப்போர்ட், டார்கெட், பில் எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. ஒருவர் தான் பேசிய ஒரு பிள்ளையின் கதையைப் பெயர், பள்ளி சொல்லாமல் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். அப்புறம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், அறிவுரை கூடாது. கடைசி அரை மணி நேரம்தான் யோசனை.

எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். நான் பார்த்த பல கூட்டங்களில் வந்த விஷயங்களைச் சேர்த்து ஒரு பெண்ணாக்கியிருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பெண், பிளஸ் டூ பயாலஜி. நர்ஸிங் படிக்க ஆசை. அப்பா, 'கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் இருக்கிறது, போய்விடு' என்கிறார். நம் ஆலோசகர் அவளிடம் 'உன் விருப்பம்தான் முக்கியம், தைரியமாகப் பேசு' என்று சொல்லி, நர்ஸிங் கல்லூரிகளின் பட்டியலை பிரின்ட் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார். ஷீட்டில் 'ஆலோசனை வழங்கப்பட்டது: 1' என்று ஏறிவிட்டது.

இப்போது கேள்விகள். பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு வருடம், ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமோ மூன்று வருடம், இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியுமா? கட்டணம்? நர்ஸ் வேலையை அவள் எங்கே பார்த்தாள், ஆஸ்பத்திரியிலா சீரியலிலா? நைட் டியூட்டி என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? அப்பாவுக்கு எவ்வளவு கடன்? அப்பாவிடம் பேசினீர்களா? "இல்லை, அவர் வேலைக்குப் போயிருந்தார்." அம்மா? "இருந்தார்கள். தெலுங்கில் ஏதோ சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை." அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்ப ஏன் இவ்வளவு அவசரம்? இல்லையென்றால் கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா? அவளுக்குப் பதினெட்டு முடிந்ததா?"

இதை அந்த ஆலோசகர் யோசித்தே இருக்கவில்லை. யோசிக்கத் தெரியாதவர் என்பதால் இல்லை, நாற்பது பிள்ளைகளை ஒரே நாளில் பார்த்ததால். கூட்டம் முடியும்போது அவர் கையில் அடுத்த வாரத்துக்கு வேலை இருக்கும். தெலுங்கு தெரிந்த சக ஊழியரோடு அந்த வீட்டுக்குப் போவது, அப்பா இருக்கும் நேரத்தில். அந்தப் பெண்ணை ஏதாவது ஒரு அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மாவோடு அரை மணி நேரம் பேச வைப்பது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதைப் பெண்ணிடம் சொன்னதோடு விடாமல் அப்பாவுக்கும் விளக்குவது. கம்பெனி வேலையை வில்லனாக்காமல், ஒரு வருடம் போய்ப் பணம் சேர்த்துவிட்டுப் படிக்கலாமா, போனவர்கள் எத்தனை பேர் திரும்பிப் படிக்க வந்தார்கள் என்று அந்த ஊரிலேயே கேட்டுப் பார்ப்பது. பதினெட்டு முடியாமல் கல்யாணப் பேச்சு என்றால் அது கேரியர் விஷயமே இல்லை, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன். இதில் யாருக்கும் தயக்கம் இருக்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, இரண்டையும் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கட்டும். ஒரு இலக்க வித்தியாசம்தான், மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் உங்களுக்குக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. எட்டு வருட அனுபவத்தில் விடை உங்களுக்கு மூன்றாவது நிமிடமே தெரிந்துவிடும். சொல்லாமல் உட்கார வேண்டும். நீங்கள் வாயைத் திறந்தால் ஆறு பேரும் நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார்கள், யாரும் யோசிக்க மாட்டார்கள். நம் ஊரில் மூத்தவர் பேசினால் இளையவர் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, அது மரியாதை. இந்த அறையில் அந்த மரியாதை குழுவைக் கெடுக்கும். அதனால் மூன்றாவது கூட்டத்திலாவது உங்கள் சொந்தக் கேஸ் ஒன்றை வைத்து, அவர்களை உங்களிடம் கேள்வி கேட்க விடுங்கள். நன்றாக நடந்த கேஸ் வேண்டாம், இன்னும் முடிவு தெரியாத ஒன்றாக இருக்கட்டும்.

டெஸ்ட்களைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு வகை ஆளுமையை வைத்துச் செய்த ஆர்வப் பரிசோதனைகளை உங்கள் ஆட்கள் நிச்சயம் பயன்படுத்துவார்கள். மோசமான கருவி இல்லை. ஆனால் 'மோட்டார் ரிப்பேர் செய்யப் பிடிக்குமா?' என்று கேட்டால், ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தே பழகாத வீட்டுப் பெண் 'பிடிக்காது' என்றுதான் டிக் அடிப்பாள். அந்தத் தாள் அவளுடைய ஆர்வத்தைவிட அவள் வீட்டில் எதற்கு அனுமதி இருந்தது என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது. இப்போது போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கும் லைனில் நிற்பவர்கள் பெண்கள். குடும்பமும் சமூகமும் வேலையைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கை பிள்ளையின் தேர்வை எப்படி வளைக்கிறது என்பதைப் பெங்களூரில் கேரியர் ஆலோசனை ஆய்வாளர் கிடியன் அருள்மணியும் அவருடைய ப்ராமிஸ் ஃபவுண்டேஷனும் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பாடப் புத்தகங்களைவிட நம் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் இருக்கிறது அந்த எழுத்து. குழுவோடு சேர்ந்து வாசிக்கத் தகுந்தது.

பிள்ளைகளை விட்டுப் போய்விடுவேனோ என்ற பயத்துக்கு: ஒரு பள்ளியை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், யார் எந்த மீட்டிங்குக்குக் கூப்பிட்டாலும் அந்த நாள் அந்தப் பள்ளிக்கு. நேரில் வேலை செய்வதை விட்டுவிட்ட ஒருங்கிணைப்பாளர் இரண்டே வருடத்தில் பழைய தகவலைப் பேசத் தொடங்கிவிடுவார். கலந்தாய்வு விதி மாறியிருக்கும், உதவித்தொகை மாறியிருக்கும், அவர் இன்னும் தன் காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். மற்றபடி ஆறு பேரில் ஒவ்வொருவரின் வகுப்பையும் மாதம் ஒரு முறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். வெளியே டீக்கடையில் பத்து நிமிடம் பேசினால் போதும். அதுவும் "நீ என்ன நினைக்கிறாய், எந்த இடத்தில் பிள்ளைகள் உன்னை விட்டுப் போனார்கள்?" என்று தொடங்கினால் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எக்செல் ஷீட்டிலிருந்து தப்ப முடியாது. நிதி கொடுப்பவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும். அதில் ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லி நிறுவனத்தோடு சண்டை போடுங்கள்: பிள்ளை நவம்பரில் எங்கே இருக்கிறது? மே மாதத்தில் 'கல்லூரியில் சேர்ந்தார்' என்று எழுதிய பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாமல் இருக்கலாம். ஹாஸ்டல் பிடிக்காமல், இங்கிலீஷ் புரியாமல், பஸ் காசு இல்லாமல். அந்தப் போன் அழைப்புகள்தான் உங்கள் குழு கற்கும் இடம். எல்லோரையும் முடியாது, ஆளுக்கு முப்பது பேர் போதும். ஒரு வருடத்தில் எந்த மாதிரி ஆலோசனை நின்றது, எது விழுந்தது என்று தெரிந்துவிடும். எண்களையும் குறிப்புகளையும் பத்திரமாக வையுங்கள். பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைகளின் மார்க் ஷீட்டை போட்டோ எடுத்து குரூப்பில் போடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று, உங்கள் நிறுவனம் மட்டும்தான் இந்த வேலையைச் செய்கிறது என்ற நினைப்பு வந்துவிடக் கூடாது. 2022இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளிகளிலேயே வழிகாட்டி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி நடக்கிறது, சேராமல் விட்டவர்களைத் திரும்பக் கூப்பிட 'உயர்வுக்குப் படி' முகாம் நடக்கிறது. உங்கள் ஆட்கள் போய் அதே தகவலை மறுபடி சொல்வதில் அர்த்தமில்லை. அந்த ஆசிரியருக்கு ஐந்து வகுப்புப் பாடம், தேர்வு வேலை எல்லாம் இருக்கும். வீட்டுக்குப் போக நேரம் இருக்காது. உங்களுக்கு இருக்கிறது. யார் எதைச் செய்வது என்று அவரோடு பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் போய் அங்கே இருக்கும் அலுவலரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஐ.டி.ஐ. முதல்வர்களை, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கையைப் பார்ப்பவரைத் தெரிந்து வைத்திருங்கள். பழங்குடிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடக்கும் பிள்ளை வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல மதிப்பெண் எடுத்தும் ஒரு சான்றிதழால் நின்றுபோன பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அங்கே ஆளுமைப் பரிசோதனை ஒன்றுக்கும் உதவாது. பெரிய தலைவர் ஆவதைப் பற்றி யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. நம் வேலையில் ஒருவருக்கு இருக்கும் செல்வாக்கு, தாலுகா ஆபீஸிலும் ஐ.டி.ஐ.யிலும் அவர் போன் செய்தால் எடுப்பார்களா என்பதில்தான் இருக்கிறது.

அடுத்த ஆள் எடுக்கும்போது தளி, அஞ்செட்டிப் பக்கத்துக்குத் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிற ஒருவரை எடுங்கள். மார்க் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மாங்கூழ் ஆலை ஓடும் சீசனிலும், அப்புறம் ஒரு முறை ஓசூர் சிப்காட்டிலும் எல்லோரையும் அழைத்துப் போய் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு பேச வையுங்கள். பார்க்காத வேலையைப் பற்றி ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறோம் நாம் எல்லோரும்.

உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள்? இது மிச்சம் இருக்கிறது. நிறுவனத்து மேலாளர் ஆகாது, அவரிடம் நீங்கள் தயங்காமல் பேச முடியாது. வெளியில் ஒருவர் வேண்டும். சேலம் பெரியார் பல்கலைக்கழக உளவியல் துறையில் கேட்டுப் பாருங்கள், பெங்களூரில் தெரிந்தவர் இருந்தால் மாதம் ஒரு மணி நேரம் ஆன்லைனில் போதும். அதற்குக் கட்டணம் கேட்டால் கொடுங்கள். சான்றிதழுக்கு வைத்திருந்த பணம் இதற்குப் போகட்டும்.

ஆக, பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சரி என்பதற்கு முன்னால் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். சனிக்கிழமைக் கூட்டம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பெட்ரோல் படி, கமிஷன் விதி, உங்களுக்கான ஒரு பள்ளி, நவம்பர் பத்தி. ஏப்ரல் முதல் ஜூன் வரை யாருக்கும் பயிற்சி வைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த மூன்று மாதம் எல்லோரும் களத்தில் இருக்க வேண்டும். கற்பதெல்லாம் ஆகஸ்டுக்கு மேல்.

அப்புறம், இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரண்டு மாவட்டம் என்றால் அஞ்செட்டியிலிருந்து அரூர் வரைக்கும் உங்கள் தலையில்தான். சேவை நிறுவனத்தில் பணம் கேட்பது அழகல்ல என்று நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் 'சம்பளத்தைப் பேசிவிட்டு வேலையில் சேர்' என்று சொல்லிக் கொடுக்கிறவர் நீங்கள். தொகையைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.